டெக்சாஸ் பள்ளிகளில் போன் தடை: சர்க்கரை உள்ள குழந்தையின் போனையும் பூட்டி வைக்கலாமா?

கேள்வி: டாலஸுக்கு வடக்கே வசிக்கிறோம். ஆறாம் வகுப்புப் படிக்கும் மகளுக்கு டைப் 1 சர்க்கரை நோய். கையில் ஒட்டியிருக்கும் சென்சார் அவளுடைய போனுக்கு அளவை அனுப்பும், அதிலிருந்து எனக்கும் வரும். இப்போது காலையிலேயே போனை லாக்கரில் வைத்துப் பூட்டச் சொல்கிறார்கள். கேட்டால், "மாநிலச் சட்டம், எங்கள் கையில் எதுவும் இல்லை" என்கிறார் பிரின்சிபல். ஸ்கூல் போர்டில் போய்ப் பேசலாமா? நாங்கள் விசாவில் இருப்பவர்கள், ஓட்டு கிடையாது. நாலு பேர் முன்னால் ஆங்கிலத்தில் பேசவும் எனக்குத் தயக்கம்.

பதில்: பிரின்சிபல் சொன்னதில் பாதிதான் சரி. 2025 ஜூனில் ஆளுநர் கிரெக் அபாட் கையெழுத்திட்ட எச்.பி. 1481 என்ற சட்டம், அரசுப் பள்ளி நேரத்தில் மாணவர்கள் சொந்த போனைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது, அது உண்மை. ஆனால் அதே சட்டத்திலேயே விலக்கும் இருக்கிறது: தகுதி பெற்ற மருத்துவரின் உத்தரவு மூலம் தேவையை நிரூபித்தால் அந்த மாணவர் போனை வைத்துப் பயன்படுத்தலாம். சிறப்புக் கல்வித் திட்டத்திலோ, 504 திட்டத்திலோ (மாற்றுத்திறனோ நாள்பட்ட நோயோ உள்ள மாணவருக்குப் பள்ளி செய்துதர வேண்டிய ஏற்பாடுகளை எழுதி வைப்பது) எழுதியிருந்தாலும் அப்படியே. ஆக உங்கள் மகளின் போன் யாரும் இரக்கப்பட்டுக் கொடுக்க வேண்டிய சலுகை இல்லை. தயவுசெய்து கெஞ்சும் தொனியில் பேசப் போகாதீர்கள்.

முதலில் டாக்டரிடம் போங்கள். "போன் தேவைப்படுகிறது" என்று ஒரு வரி எழுதி வாங்கி வந்தால் போதாது, பள்ளியில் அதை எப்படி வேண்டுமானாலும் வளைத்துப் படிப்பார்கள். போன் நாள் முழுவதும் அவள் உடம்போடு இருக்க வேண்டும், ஏனென்றால் சென்சார் புளூடூத்தில் பேசுகிறது, இருபது முப்பது அடி தாண்டினால் தொடர்பு அறுந்துவிடும், லாக்கரில் இருக்கும் போன் சர்க்கரை 60-க்கு இறங்கினாலும் அவளுக்குக் கேட்கிற மாதிரி அலாரம் அடிக்காது என்று காரணத்தோடு எழுதச் சொல்லுங்கள். ஸ்மார்ட் வாட்சில் அளவு பார்க்கிறாள் என்றால் வாட்சையும் பெயர் சொல்லிச் சேர்க்கச் சொல்லுங்கள், ஏனென்றால் இந்தச் சட்டத்தின் தடை போனோடு நிற்கவில்லை, வாட்ச், டேப்லெட் எல்லாமே அதில் அடக்கம். உங்களுக்கும் அளவு வர வேண்டுமென்றால் போனுக்கு இணையம் வேண்டும், கட்டடத்துக்குள் சிக்னல் வராத பள்ளிகள் நிறைய, அதனால் பள்ளியின் வைஃபையில் இணைக்க அனுமதி என்பதும் இருக்கட்டும்.

அப்புறம், பெரும்பாலான நம் வீடுகளில் தெரியாத ஒரு பழைய சட்டம் உண்டு. 2005-லேயே டெக்சாஸ் சட்டமன்றம் பள்ளியில் சர்க்கரை நோய்ப் பராமரிப்புக்கென்று தனியாக விதிகள் இயற்றிவிட்டது, ஹெல்த் அண்ட் சேஃப்டி கோடில் 168-வது அத்தியாயம். பெற்றோரும் டாக்டரும் சேர்ந்து ஒரு பராமரிப்புத் திட்டத்தை எழுதிப் பள்ளியில் கொடுத்தால், அதன்படி பிள்ளை வகுப்பிலேயே சர்க்கரை பார்க்கலாம், இன்சுலின் போட்டுக்கொள்ளலாம், அளவு பார்க்கத் தேவையான கருவிகளை எந்நேரமும் தன்னோடு வைத்திருக்கலாம். முழுநேர நர்ஸ் இருக்கும் பள்ளியில் குறைந்தது ஒருவர், இல்லாத பள்ளியில் மூன்று பேர் இதற்குப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. போன் கடிதத்தை இந்தத் திட்டத்தோடு சேர்த்தே கொடுங்கள், கூடவே 504 திட்டமும் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். 504 என்பது 1973-ம் ஆண்டின் மத்தியச் சட்டத்தில் ஒரு பிரிவு, டெக்சாஸில் எந்தச் சட்டம் வந்தாலும் அது போய்விடாது. வருட ஆரம்பத்தில் வந்த சுகாதாரச் சம்மத ஃபாரத்தையும் கையெழுத்துப் போட்டு அனுப்பினீர்களா என்று ஒருமுறை பாருங்கள். பள்ளியில் சுகாதாரச் சேவைக்குப் பெற்றோரின் சம்மதம் கேட்கும் எஸ்.பி. 12 சட்டம் 2025 செப்டம்பரில் அமலுக்கு வந்த புதிதில், சம்மதம் இல்லாமல் பிளாஸ்திரி ஒட்டலாமா என்றே சில நர்ஸ்கள் தயங்கினார்கள், மாநிலக் கல்வித் துறை விளக்கம் தர வேண்டியதாயிற்று.

எல்லாவற்றையும் மின்னஞ்சலில் அனுப்புங்கள். வாயால் கேட்டதற்கு வாயாலேயே பதில் சொல்லி அனுப்பிவிடுவார்கள், பிறகு கையில் எந்த ஆதாரமும் இருக்காது.

இதற்குப் பிறகும் மறுத்தால்தான் போர்டு, அதற்கும் இரண்டு வழிகள் இருக்கின்றன. உங்கள் மகள் விஷயத்துக்கு முறையான புகார் மனு. பள்ளி, டிஸ்ட்ரிக்ட் (உங்கள் பகுதி அரசுப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகம்) அலுவலகம், கடைசியில் போர்டு என்று படிப்படியாகப் போகும். ஒவ்வொரு படிக்கும் காலக்கெடு உண்டு, டிஸ்ட்ரிக்டின் இணையதளத்தில் போட்டிருப்பார்கள், மறுப்பு வந்த அன்றே எடுத்துப் பாருங்கள்.

போர்டு கூட்டத்தில் பேசுவது வேறு விஷயம், அது விதியை மாற்றச் சொல்லிக் கேட்கும் இடம். போனைக் கொண்டுவரவே கூடாதா, கொண்டுவந்தால் பையிலா லாக்கரிலா, மீறினால் என்ன தண்டனை, இதெல்லாம் அந்தந்த டிஸ்ட்ரிக்ட் வகுக்கும் கொள்கை. "எங்கள் கையில் எதுவும் இல்லை" என்ற பேச்சு இங்கேதான் நிற்காது. மருத்துவ விலக்கு கேட்டு வரும் பெற்றோருக்கு இத்தனை நாளில் பதில் தர வேண்டும் என்று கொள்கையில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள் என்று கேளுங்கள், அடுத்து வரும் குடும்பத்துக்கும் உதவும். மகளின் பெயரையும் மருத்துவ விவரத்தையும் மட்டும் மேடையில் சொல்லாதீர்கள், அந்தக் கூட்டத்தின் பதிவு பல இடங்களில் இணையத்தில் அப்படியே கிடக்கும்.

விசா ஒரு தடையே இல்லை. பொது அமைப்புகளின் கூட்டங்களுக்கான டெக்சாஸ் சட்டத்தில் 2019-ல் வந்த திருத்தத்தின்படி, அஜெண்டாவில் உள்ள எந்த விஷயத்தைப் பற்றியும் பேச விரும்பும் பொதுமக்களைப் பேச விட்டே ஆக வேண்டும். வாக்காளர், குடிமகன் என்றெல்லாம் அதில் நிபந்தனை கிடையாது. இன்னொன்றையும் கேளுங்கள்: ஒரே நேர மொழிபெயர்ப்புக் கருவி இல்லாத கூட்டத்தில், மொழிபெயர்ப்பாளர் மூலம் பேசுகிறவருக்குக் குறைந்தது இரண்டு மடங்கு நேரம் தர வேண்டும். மற்றவர்களுக்கு மூன்று நிமிடம் என்றால் உங்களுக்கு ஆறு. தமிழிலேயே பேசுங்கள், கணவரோ தோழியோ பக்கத்தில் நின்று சொல்லட்டும், முன்கூட்டியே பெயர் கொடுக்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள். அஜெண்டாவில் இல்லாத விஷயம் என்றால் டிஸ்ட்ரிக்டின் சொந்த விதி என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும். பேச விட்டாலும் அன்றே விவாதிக்க மாட்டார்கள், இருக்கிற விதியைச் சொல்வார்கள் அல்லது அடுத்த அஜெண்டாவில் சேர்க்கிறோம் என்பார்கள். உங்களை ஒதுக்குகிறார்கள் என்று அதை எடுத்துக்கொள்ள வேண்டாம், சட்டம் அவர்களுக்கு அவ்வளவுதான் அனுமதிக்கிறது.

சட்டத்தையே மாற்ற வேண்டுமென்றால்தான் சட்டமன்ற உறுப்பினர். டெக்சாஸ் சட்டமன்றத்தின் வழக்கமான கூட்டத்தொடர் ஒற்றைப்படை ஆண்டுகளில் மட்டும், அதுவும் அதிகபட்சம் 140 நாள், அடுத்தது 2027 ஜனவரி. உங்கள் மகளுக்கு அவ்வளவு காத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை, இருக்கிற சட்டமே போதும்.

கடைசியாக ஒன்று. ஸ்டார் என்ற மாநிலத் தேர்வு அறைக்குள் போன் கெடுபிடி வழக்கத்தைவிட அதிகம், 2027-28 முதல் அந்தத் தேர்வுக்குப் பதிலாக வருடத்துக்கு மூன்று சிறிய தேர்வுகள் வரப்போகின்றன. தேர்வு நேரத்திலும் போன் எங்கே இருக்கும், அலாரம் அடித்தால் யார் வந்து பார்ப்பார்கள் என்பதை 504 கூட்டத்திலேயே பேசி எழுதி வாங்கிவிடுங்கள்.