தூக்கக் கலக்கத்தில் வண்டி ஓட்டுவது அவ்வளவு ஆபத்தா?

கண்ணாடியை இறக்கிவிட்டு, பாட்டைச் சத்தமாக வைத்தால் சமாளித்துவிடலாமே என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அதை நம்பாதீர்கள். சில நிமிடம் தெளிந்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

உண்மையான ஆபத்து நுண்தூக்கம். களைத்த மூளை உங்களைக் கேட்காமலே சில விநாடிகள் தூங்கிவிடும். கண் திறந்திருக்கும்போதுகூட இது நடக்கலாம். தூங்கினோம் என்பதே பலருக்குத் தெரியாது. 100 கி.மீ. வேகத்தில் 4 விநாடி என்றால் வண்டி சுமார் 110 மீட்டர் ஓடியிருக்கும். அந்த நேரத்தில் பிரேக்கை மிதிக்க ஆளே இல்லை. இத்தகைய விபத்துகள் கொடூரமாக முடிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்குக் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. குடித்துவிட்டு ஓட்டத் தயங்குகிறவர்கள்கூட இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்வதுதான் எனக்கு வருத்தம். நள்ளிரவு தாண்டி விடியும்வரை உள்ள நேரம் மிக மோசம். மதியத்துக்குப் பிறகும் கொஞ்சம் கவனம் தேவை.

கடைசி சில கிலோமீட்டர் எப்படி வந்தோம் என்று நினைவில்லையா? வண்டி கோட்டைத் தாண்டுகிறதா? உடனே பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். ஒரு காபி குடித்துவிட்டு 15–20 நிமிடம் தூங்குங்கள். காபி வேலை செய்யத் தொடங்க ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகும். அப்புறம், எழுந்தவுடனே கிளம்ப வேண்டாம், மந்தம் விலகட்டும். இதுவும் தற்காலிக உதவிதான். இரவு முழுக்கத் தூங்காதவர் சாவியை வேறொருவரிடம் கொடுத்துவிட வேண்டும்.