வீட்டுத் தையல் மிஷினில் நேர்த்தையல் தவிர வேறு என்ன தையல் போடலாம்? அதற்குப் புது மிஷின் வாங்க வேண்டுமா?

இப்போதைக்கு வாங்காதீர்கள். இருக்கிற மிஷினில் கீழ்நூலோடு கொஞ்சம் விளையாடிப் பாருங்கள்.

நான் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறேன். 2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் அடித்ததில் எங்கள் தெருவில் போன கரண்ட் லேசில் திரும்பவில்லை. பொங்கலுக்குத் தைத்துத் தருவதாக வாங்கிவைத்த துணியெல்லாம் அப்படியே கிடந்தது. ஊசி இடமும் வலமும் ஆடி ஜிக்ஜாக் தையல் போடும் என் மோட்டார் மிஷின் சும்மா உட்கார்ந்திருக்க, மாமியாரின் கருப்பு மிதி மிஷினைத் துடைத்து எண்ணெய் விட்டேன். அதில் நேர்த்தையல் மட்டும்தான் வரும்.

குழந்தை கவுனில் மார்புப் பக்கம் சுருக்கம் சுருக்கமாக, இழுத்தால் விரியும்படி இருக்குமே, அதை முதலில் முயன்றேன். மேலே சாதாரண நூல், கீழ்நூல் சுற்றும் பாபினில் எலாஸ்டிக் நூல், அவ்வளவுதான். எலாஸ்டிக்கை மிஷினில் சுற்றாமல், இழுக்காமல் கையால் சுற்ற வேண்டும். தையல் நீளத்தை ஆகப் பெரியதில் வைத்து, துணியின் நல்ல பக்கம் மேலே இருக்கும்படி, துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டின் அகல இடைவெளியில் வரிவரியாகத் தைத்துக்கொண்டே போகலாம். இரண்டாவது வரியிலிருந்து துணியை முன்னும் பின்னும் இழுத்துச் சமமாகப் பிடிக்க வேண்டும். முதல் வரியைப் பார்த்து மனம் விட்டுவிடாதீர்கள், பெரிதாகச் சுருங்காது. ஐந்தாறு வரி முடிந்ததும் ஆவி பறக்கும் அயர்ன்பாக்ஸைத் துணியில் படாமல் மேலே காட்டுங்கள், சுருக்கென்று இழுத்துக்கொள்ளும். (எனக்கு அன்றைக்கு ஏது அயர்ன்பாக்ஸ்? இட்லிப் பானை ஆவியில்தான் காட்டினேன்.) மெல்லிய காட்டன் நல்லது. வேண்டிய அளவைப் போல இரண்டு மடங்கு துணி எடுங்கள். எலாஸ்டிக் நுனிகளை முடிச்சுப் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் முதல் துவைப்பிலேயே உருவிக்கொண்டு வரும்.

அப்புறம் ரிங் போட்டுப் பூத்தையல். கை எம்பிராய்டரிக்கு மாட்டுவதற்குத் தலைகீழாக ரிங்கை மாட்ட வேண்டும், துணி ஊசிக்குக் கீழே உள்ள தகட்டோடு ஒட்டிப் படுக்க வேண்டும். ஃபுட்டைக் கழற்றிவிட்டு, தகட்டுக்கு நடுவே துணியை நகர்த்தும் பல்லைக் கீழே இறக்குங்கள். இறக்க வசதி இல்லாவிட்டால் தையல் நீளத்தைப் பூஜ்யத்தில் வையுங்கள், பல் ஆடுமே தவிர துணியை நகர்த்தாது. துணியை நகர்த்துவது இனி உங்கள் கைதான். இதற்கு மிதி மிஷின் ரொம்ப வசதி, இரண்டு கையும் ரிங்குக்குக் கிடைக்கும். ஃபுட்தான் இல்லையே என்று நான் ஃபுட்டை ஏற்றி இறக்கும் லீவரைத் தூக்கிய நிலையிலேயே விட்டுத் தைத்தேன். அடியில் நூல் சிக்கிக் குருவிக்கூடு! லீவரை இறக்கினால்தான் மேல்நூலுக்கு டென்ஷன், அதாவது இறுக்கம், பிடிக்கும். அரை நாள் ஊசியைத் திட்டிய பிறகே இது புரிந்தது.

ஊசிக்குள் நுழையாத தடிமனான பட்டு நூல், ஜரிகை எல்லாம் இருந்தால் அவற்றைப் பாபினில் சுற்றி, துணியைக் கவிழ்த்துப் போட்டுத் தையுங்கள். நல்ல பக்கம் கீழே இருப்பதால் பூ அங்கேதான் விழும். பாபின் உட்காரும் பாபின் கேஸின் சின்ன ஸ்க்ரூவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். நூலைப் பிடித்துக் கேஸைத் தொங்கவிட்டால் அது மெதுவாக இறங்க வேண்டும், அதுதான் கணக்கு. இதற்கென்று தனியாக ஒரு பாபின் கேஸ் வாங்கி, நெயில் பாலிஷில் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். தினசரி கேஸில் கை வைத்தால் அடுத்த ஜாக்கெட் தைக்கும்போது அழுவீர்கள்.

இரட்டை ஊசிக்கு மட்டும் ஜிக்ஜாக் மிஷின் வேண்டும், பழைய மிஷினின் தகட்டு ஓட்டையில் இரண்டு ஊசி இறங்காது. மேலே இரண்டு நூல், கீழே ஒன்று. கீழ்நூல் இரண்டையும் மாறிமாறிப் பிடிப்பதால் நடுவில் துணி மெல்லிய வரம்பாக எழும்பும். பாவாடைச் சட்டைக்கு அழகாக இருக்கும். தைப்பதற்கு முன் சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றி, ஊசி எங்கேயும் இடிக்கவில்லையே என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

புடவைக்கு ஓரம் அடிக்கும் பீக்கோ மட்டும் நான் இன்றும் கடையில்தான் கொடுக்கிறேன். ஐந்தரை மீட்டர் வழுக்கும் சிந்தெடிக்கோடு மல்லுக்கட்ட எனக்குப் பொறுமை கிடையாது.