சூடானால் நின்றுவிடும் அம்பாசிடர்

கேள்வி: எங்கள் ஐயா 1986-ல் வாங்கிய பெட்ரோல் அம்பாசிடர், வருஷத்தில் பாதி நாள் பள்ளத்தூர் வீட்டு ஷெட்டில்தான் நிற்கும். காலையில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகிறது. காரைக்குடி தாண்டி குன்றக்குடி போவதற்குள் நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்புகிறது. பிளக் மாற்றியாச்சு, கார்புரேட்டரை இரண்டு தடவை கழற்றி மாட்டியாச்சு. போன மாதம் அப்பத்தாவைப் பிள்ளையார்பட்டிக்குப் பாதி வழியில் பஸ் ஏற்றி அனுப்பும்படி ஆனது. விற்றுவிடலாமா?
- வாசகர், பள்ளத்தூர்

பதில்: விற்கிறது இருக்கட்டும், எப்படி நிற்கிறது என்று நீங்கள் எழுதவே இல்லையே! சுவிட்சை அணைத்த மாதிரி சட்டென்று நின்றால் கரண்ட் பக்கம் கோளாறு. குலுங்கிக் குலுங்கி, ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்கத் தொய்ந்துபோய் நின்றால் பெட்ரோல் பக்கம்.

மெக்கானிக்கைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கைக்குப் போய்ச் சேரும்போது வண்டி ஆறிவிடுகிறது, ஆறின எஞ்சினில் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். நின்ற ஐந்து நிமிஷத்துக்குள் நீங்களேதான் பார்த்தாக வேண்டும். டிக்கியில் ஒரு பழைய பிளக், ஸ்பேனர், துண்டு, ஒரு பாட்டில் தண்ணீர் போட்டு வையுங்கள்.

நின்றதும் ஒரு பிளக் வயரை உருவிப் பழைய பிளக்கில் மாட்டுங்கள். அதன் இரும்பு உடம்பு எஞ்சினைத் தொடுகிற மாதிரி, கார்புரேட்டரை விட்டுத் தள்ளி வைத்துவிட்டு, கூட வந்தவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள் (பிளக்கைக் கையில் பிடித்துவிடாதீர்கள், தூக்கிப் போடும்). நீலமாகப் பட் பட் என்று அடித்தால் கரண்ட் சரி. மஞ்சளாக மெலிந்து வந்தால், அல்லது வரவே இல்லை என்றால், காயில் (பேட்டரி கரண்டை ஸ்பார்க் அடிக்கிற அளவுக்கு ஏற்றிக் கொடுப்பது) அல்லது கண்டென்சர் (பாயின்ட் கருகாமல் காக்கிற சின்ன உருளை). சூட்டில் செத்து, ஆறினால் உயிர் பெறுகிற சாமான்கள் இவை இரண்டும். கண்டென்சர் விலை குறைவு, அதை முதலில் மாற்றுங்கள், கூடவே பாயின்ட் (காயிலுக்குப் போகிற கரண்டை விட்டு விட்டுத் துண்டிக்கிற சின்ன சுவிட்ச்) இடைவெளி 0.4 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். அப்புறம் இன்னொன்று, எஞ்சினை நிறுத்திவிட்டு சாவியை ஆனிலேயே விட்டு ரேடியோ கேட்கிற பழக்கம் வீட்டில் யாருக்காவது உண்டா? பாயின்ட் மூடிய நிலையில் நின்றிருந்தால் காயில் அடுப்பில் வைத்த மாதிரி சுடும்.

ஸ்பார்க் நன்றாக இருந்தால் சாவியை அணைத்துவிட்டு ஏர் கிளீனரைக் கழற்றுங்கள். சோலெக்ஸ் கார்புரேட்டர் என்றால், வாய்க்குள் பார்த்தபடி ஆக்ஸிலரேட்டர் லீவரைக் கையால் இழுத்தால் பீச்சாங்குழல் மாதிரி பெட்ரோல் சீற வேண்டும். சீறவில்லையா? டேங்க் மூடியைத் திறங்கள். உஸ் என்று காற்று உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது, வேலை முடிந்தது. சத்தம் இல்லை என்றால் துண்டை நனைத்துப் பிழிந்து ஏ.சி. பம்ப் (குளிர்சாதனம் இல்லை, டேங்கிலிருந்து பெட்ரோலை இழுக்கிற பம்ப்) மேல் சுற்றுங்கள். தண்ணீரை நேராக ஊற்ற வேண்டாம், கண்ணாடிக் கிண்ணம் வைத்த பம்ப் என்றால் விரிசல் விடும். ஐந்து நிமிஷத்தில் கிளம்பினால் பெட்ரோல் ஆவியாகிக் குழாயை அடைக்கிறது என்று அர்த்தம். எஞ்சினோடு ஒட்டிக்கொண்டிருக்கிற பம்ப், அதற்கு மேல் சித்திரை வெயில், பின்னே ஆவியாகாமல் என்ன செய்யும்?

ஆனால் என் சந்தேகம் வேறு. 'பாதி நாள் ஷெட்டில்' என்கிறீர்களே, அதுதான் உறுத்துகிறது. பாதி காலியாக நிற்கிற டேங்குக்குள் துரு பிடிக்கும். வண்டி ஓட ஓட அந்தத் துருத்தூள் உறிஞ்சு குழாயின் வாயில் போய் அப்பிக்கொள்ளும். நின்றதும் மெல்ல உதிர்ந்து கீழே இறங்கிவிடும், வண்டியும் கிளம்பிவிடும். பார்க்கிறவர்கள் 'சூடாகி நின்றது' என்பார்கள். இதைப் பிரித்துப் பார்க்க ஒரு வழி: விடிகாலை 5 மணிக்கு, வெயிலே இல்லாத நேரத்தில் அதே ரோட்டில் போங்கள். அப்போதும் பெட்ரோல் வராமல் நின்றால் டேங்கை இறக்கிக் கழுவுங்கள். இறக்கும்போது டேங்கிலிருந்து பம்ப் வரைக்குமான ரப்பர் ஹோஸ்களையும் மாற்றிவிடுங்கள். இப்போது வருகிற எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு அந்தக் காலத்து ரப்பர் தாங்காது. பம்ப் உறிஞ்சுகிற பக்கம் அது, அதனால் வெடிப்பு விட்டாலும் பெட்ரோல் சொட்டாமல் காற்றைத்தான் இழுக்கும், கண்ணில் படாது.

கேள்வி: பழைய ஸ்கூட்டர். ஓடும்போது அருமை. பஸ் ஸ்டாண்டு பக்கம் வேகத்தைக் குறைத்தால் ஆஃப்.
- வாசகி, தேவகோட்டை

பதில்: கார்புரேட்டரில் ஸ்லோ ஜெட் (வேகம் குறைந்திருக்கும்போது பெட்ரோல் விடுகிற சின்னத் துளை) அடைப்பு, பெரும்பாலும். கழற்றி, கிளீனர் ஸ்பிரே அடித்துக் காற்று விடச் சொல்லுங்கள். ஊசியோ கம்பியோ விட்டுக் குத்துகிறவரிடம் கொடுக்காதீர்கள், பித்தளைத் துளை பெரிசாகிவிட்டால் புது ஜெட்தான். ஐடில் ஸ்க்ரூவை ஏற்றி வைத்துச் சமாளித்து அனுப்பினால், அடுத்த மாதம் திரும்ப எனக்கு எழுதுவீர்கள்.