கொடைக்கானல் மலைப் பண்ணைக்காட்டில் காப்பிக் காயில் ஊசித்துளை: மருந்தடிக்கலாமா, செடியை வெட்டலாமா?

இரண்டும் வேண்டாம். துளை விழுந்த காய்களை மட்டும் பறித்தெடுங்கள். துளை போட்ட வண்டு கொட்டைக்குள் போய்விட்டால் தெளிக்கிற மருந்து அதைத் தொடாது.

துளை காயின் தொப்புளில்தானா (காம்புக்கு எதிர்முனை) என்று பாருங்கள். பிளேடால் பிளந்து, எள்ளைவிடச் சின்னக் கறுப்பு வண்டோ வெள்ளைப் புழுவோ இருந்தால் காய்த்துளைப்பான்தான். இது இந்தியாவில் முதலில் தென்பட்டது 1990-இல், நீலகிரிக் கூடலூரில்.

வெளியூர்ப் பழைய சாக்கிலும் வந்திருக்கலாம்; பக்கத்துத் தோட்டக்காரரைத் திட்டிப் பயனில்லை.

பறித்த காயைக் கொதிநீரில் 2 நிமிடம் முக்கிவிட்டுக் காயப்போடுங்கள். அப்படியே களத்தில் கொட்டினால் வண்டு பறந்து செடிக்கே திரும்பும்.

இன்னொன்று: அறுவடைக்குப் பின் மரத்தடியில் கிடக்கும் உதிரிக் காயையும் பொறுக்க வேண்டும். கூலி கூடத்தான் ஆகும். விட்டால் அடுத்த காய்ப்பு வரை வண்டு அதற்குள்ளேயே பெருகும்.