புரோக்கர் நல்லவராகவே இருக்கட்டும், பர்சனல் லோன் வேண்டாம்

கேள்வி: மேடவாக்கத்தில் 50 லட்சத்துக்கு ஒரு பழைய பிளாட் பார்த்திருக்கிறோம். எங்களுக்கு முதல் வீடு. கைக்கு வரும் சம்பளம் 85,000, இப்போது வாடகை 16,000, சேமிப்பு 8 லட்சம். புரோக்கர் கூடப்பிறந்த அண்ணன் மாதிரி வங்கி, வக்கீல் எல்லாம் பார்த்துக்கொள்கிறார். பற்றாக்குறைக்கும் கிச்சன், கப்போர்டு வேலைக்கும் சேர்த்து 10 லட்சம் பர்சனல் லோன் ஏற்பாடு செய்கிறேன் என்கிறார். இந்த வாரமே 2 லட்சம் அட்வான்ஸ் கொடுக்கச் சொல்கிறார். மனைவி தயங்குகிறார். கொடுக்கலாமா?

பதில்: உங்கள் மனைவியின் தயக்கம் சரியானது. புரோக்கரை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் பத்திரம் முடிந்தால்தான் அவருக்குக் கமிஷன். நீங்கள் ஒன்றரை வருடம் பொறுத்து வாங்குவது நல்லது என்று அவர் சொல்வார் என எதிர்பார்க்க முடியாது.

இந்த அளவு கடனுக்கு வீட்டு மதிப்பில் 80 சதவீதம்தான் வங்கி கொடுக்கலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. அதாவது 40 லட்சம். மீதி 10 லட்சம், முத்திரைத்தாள் 7, பதிவு 2 என 9 சதவீதத்துக்கு 4.5 லட்சம், கமிஷன் அரை லட்சம். ஆக 15 லட்சம் உங்கள் பணமாக இருக்க வேண்டும். 7 லட்சம் குறைகிறது. அதைக் கடனால் அடைக்கும் யோசனையில்தான் கோளாறு.

வீட்டுக் கடன் 8.5 சதவீதம், 20 வருடம் என்றால் தவணை சுமார் 34,700. பர்சனல் லோன் 14 சதவீதம், 5 வருடம் என்றால் 23,300. மொத்தம் 58,000. மிச்சம் 27,000-ல் மெயின்டெனன்ஸ், மளிகை, மருத்துவம் எல்லாம். கையிருப்பு பூஜ்யம். ஒரு மாதம் சம்பளம் தள்ளிப்போனால் என்ன செய்வீர்கள்? வீட்டுக் கடன் சாங்ஷன் ஆன பிறகு பர்சனல் லோன் எடுங்கள் என்று யாராவது சொன்னால் இன்னும் எச்சரிக்கையாக இருங்கள். கடன் பணத்தைக் கொடுக்கும் முன் வங்கி உங்கள் சிபிலை (கடன் வரலாற்று மதிப்பெண்ணை) மறுபடியும் பார்க்கலாம், புதுக் கடன் அதில் தெரிந்துவிடும்.

கிச்சன், கப்போர்டு வேலையைக் கடனில் செய்வது இப்போது பேஷனாகிவிட்டது. தயவுசெய்து வேண்டாம். குடிபோன பிறகு ஒவ்வொன்றாகச் செய்துகொள்ளலாம்.

அடுத்த மாதத்திலிருந்து அந்த 58,000-ல் வாடகை போக 42,000-ஐ ஆர்.டி.யில் போடுங்கள். 18 மாதத்தில் ஏழரை லட்சம் சேரும். இரண்டாவது மாதமே மூச்சு முட்டினால், இந்த விலை வீடு உங்களுக்கு இல்லை, 40 லட்சத்துக்குள் தேடுங்கள். அதற்குள் விலை ஏறிவிடாதா என்பீர்கள். ஏறலாம். ஆனால் அந்த பர்சனல் லோனுக்கு வட்டி மட்டுமே 4 லட்சம் ஆகிறது.

எப்போது வாங்கினாலும் அட்வான்ஸ் கொடுக்கும் முன் இரண்டு வேலை உண்டு. பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கத்தை, அதாவது வீட்டின் மேல் அடமானம் ஏதும் பதிவாகியிருக்கிறதா என்பதை, நீங்களே பாருங்கள். தாய்ப்பத்திரத்தை (முந்தைய உரிமையாளர்களின் பத்திரத்தை) வாங்கி, புரோக்கர் காட்டாத வக்கீல் ஒருவரிடம் கொடுங்கள். அப்புறம், கடன் கிடைக்காவிட்டால் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். விற்பவர் அதற்குச் சம்மதிக்காவிட்டால் 2 லட்சத்தைக் கொடுக்காதீர்கள்.