தாராவிக்குக் கேமராவோடு போகலாமா?

கேள்வி: அடுத்த மாதம் மும்பை செல்கிறேன். தாராவிச் சந்துகளில் மனிதர்களைப் படமெடுக்க விருப்பம். ஏற்பாட்டாளர் ஒருவர், ஆளுக்கு நூறு ரூபாய் கொடுத்துக் கையெழுத்தும் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். அது போதுமா? (வாசகர், கோவை)

பதில்: போதாது. பொது வீதியில் படமெடுக்கச் சட்டத்தில் பொதுவான தடை இல்லை. பதிப்புரிமையும் பெரும்பாலும் எடுத்தவருக்கே. ஆனால் தாராவியில் பாத்திரம் துலக்குவதும், தலை வாருவதும், பிள்ளைக்குச் சோறூட்டுவதும் சந்தில்தான் என்பதால், அங்கே எடுக்கும் படம் பல வேளைகளில் வீட்டுக்குள் புகுந்து எடுத்ததற்குச் சமம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017இல் புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்துவிட்டது. தன் முகம் எங்கே விலைபோனது என்றே அறியாத கூலித் தொழிலாளி அந்தத் தீர்ப்பை எடுத்துக்கொண்டு எந்த நீதிமன்றத்தின் படியேறுவார் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

ஏற்பாட்டாளர் வாங்கித் தரும் கையெழுத்தைத்தான் நீங்கள் அதிகம் அஞ்ச வேண்டும். அது பெரும்பாலும் ஆங்கிலத்தில் அச்சிட்ட ‘மாடல் ரிலீஸ்’ படிவமாக, அதாவது தன் படத்தை வணிகத்துக்கும் பயன்படுத்தலாம் என்ற ஒப்புதலாக, இருக்கும். விளம்பரங்களுக்குப் படம் விற்கும் இணையதளங்கள் கேட்பது இதைத்தான். அதில் கைநாட்டு வைத்தவரின் முகம் நாளை வட்டிக்கடை விளம்பரத்திலும் வரலாம். நூறு ரூபாயில் எவ்வளவு அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்பதும் உங்களுக்குத் தெரியப்போவதில்லை. கிழிந்த சட்டையைப் போட்டுவரச் சொல்லும் ஏற்பாட்டாளராக இருந்தால் அங்கேயே திரும்பிவிடுங்கள். உத்தரப் பிரதேச, மத்தியப் பிரதேசக் கிராமத்து ஏழைகள் முன் போலி உணவைப் பரப்பி, விரும்பிய உணவைக் கற்பனை செய்யச் சொல்லி ஓர் இத்தாலியர் எடுத்த படங்கள் 2018இல் கடும் கண்டனத்துக்கு உள்ளானதை நினைவில் கொள்ளுங்கள். தாராவியில் நீண்டகாலமாகச் சுற்றுலா நடத்தும் ‘ரியாலிட்டி டூர்ஸ்’ நிறுவனம் பயணிகளைப் படமெடுக்கவே விடுவதில்லை.

இடைத்தரகர் இல்லாமல் போங்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து குடியேறிய குடும்பங்கள் அங்கே ஏராளம்; தமிழிலேயே கேட்கலாம். எடுத்ததைக் காட்டுங்கள், எங்கே வெளியிடுவீர்கள் என்று சொல்லுங்கள், வேண்டாம் என்றால் அவர் எதிரிலேயே அழித்துவிடுங்கள். பெற்றோர் அருகில் இல்லாத குழந்தைகளை எடுக்காதீர்கள்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. வீட்டை இடிக்க வரும்போது அங்குள்ளவர்களே உங்களைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னால், ஒவ்வொருவராக அனுமதி கேட்டு நிற்க வேண்டியதில்லை. அந்தப் படம் அவர்களுக்குச் சாட்சி. ஆயினும் எடுப்பதும் வெளியிடுவதும் வேறு. தாராவிக் குடிசைகளை இடித்துப் புதுவீடு கட்டும் மறுசீரமைப்புத் திட்டத்தில் 1.1.2000க்கு முன்பிருந்தே குடியிருப்பதை நிரூபித்தால்தான் தாராவியிலேயே இலவச வீடு என்று ஏழையிடம் காகிதம் காகிதமாகக் கேட்கும் அரசாங்கம், மாடியில் வாடகைக்கு இருப்பவரையோ உரிமமில்லாத பட்டறையையோ உங்கள் படத்தில் கண்டால் சும்மா விடும் என்று நம்பாதீர்கள். ஆகவே மூலப் படத்தை அவர்களிடம் கொடுத்துவிட்டு, முகமும் வீட்டு எண்ணும் வெளியே தெரியலாமா என்பதை அவர்கள் பதற்றம் தணிந்த பிறகு மறுபடி ஒரு முறை கேளுங்கள்.