மச்சினனுக்கு குடுத்த காரு, ஓட்டுனது வேற ஆளு

கேள்வி: அண்ணா, நாங்க கொழிஞ்சாம்பாறை பக்கம். என் பேர்ல ஒரு ஸ்விஃப்ட் இருக்கு, கேஎல் 70 நம்பர், ஃபுல் இன்சூரன்ஸ். போன மாசம் மச்சினன் பழனிக்கு போகணும்னு கார் கேட்டான், சம்சாரத்தோட தம்பி, எப்படி இல்லைன்னு சொல்றது, குடுத்துட்டேன். கோபாலபுரம் தாண்டி பொள்ளாச்சி ரோட்டுல ஒரு பைக்காரர் மேல மோதி அவருக்கு கால் எலும்பு முறிஞ்சு போச்சு. ஓட்டுனது மச்சினனே இல்லையாம், கூடப் போன அவன் கூட்டாளியாம், அந்த பையன் லைசென்ஸ் முடிஞ்சு நாலு மாசம் ஆச்சாம், இதெல்லாம் எனக்கு அப்புறம்தான் தெரியும். இப்ப வீட்டுல எல்லாரும் "ஓட்டுனது நீதான்னு சொல்லிரு, உனக்குத்தான் லைசென்ஸ் இருக்கே, இன்சூரன்ஸ் குடுத்துருவான்"னு சொல்றாங்க. என்ன பண்ணட்டும்?

பதில்: தம்பி, கடைசியா கேட்டதுக்கு மொதல்ல சொல்லிடறேன், அத பண்ணவே பண்ணாதீங்க. ஆள் மாத்தி சொல்றது நம்ம ஊருல சாதாரணமா நடக்குது, மாட்டாம தப்பிச்சவங்க கதைய மட்டும்தான் நாம கேக்குறோம். அடிபட்டவர ஆஸ்பத்திரிக்கு கொண்டு போனதுமே டூட்டி டாக்டர் ஏஆர்ல, அதாவது ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டுல, எழுதிருப்பாரு, எந்த எடம், எத்தன மணி, என்ன வண்டின்னு. அந்த காப்பியும் எஃப்ஐஆரும் கம்பெனி இன்வெஸ்டிகேட்டர் கையில இருக்கும், அந்த நேரம் உங்க ஃபோன் கொழிஞ்சாம்பாறை டவர்ல இருந்துச்சுன்னு தெரிய எவ்வளவு நேரம் ஆகும் சொல்லுங்க. அப்புறம் லைசென்ஸ் பிரச்சினை போயி பொய் கிளெய்ம் கேஸ் ஆயிரும். வண்டிய ஓட்டுனது யாருன்னு போலீஸ் கேட்டா ஓனர் சொல்லியே ஆகணும்னு மோட்டார் வாகன சட்டம் 133ஆம் பிரிவுலயே இருக்கு. கூட்டாளி பேர சொல்றது துரோகம் இல்லீங்க.

இப்ப விஷயத்துக்கு வருவோம். நம்ம நாட்டுல இன்சூரன்ஸ் வண்டிக்குத்தான், ஓட்டுற ஆளுக்கு இல்ல. பாலிசிய எடுத்து "டிரைவர்ஸ் கிளாஸ்"னு போட்டிருக்கற எடத்த படிங்க, உங்களையும் சேத்து யாரு வேணா ஓட்டலாம்னு இருக்கும், ஆனா விபத்து நடக்குறப்ப "எஃபெக்டிவ்" லைசென்ஸ் இருக்கணும், அதாவது செல்லுபடியாகுற லைசென்ஸ். உங்க கேஸ் மொத்தமும் அந்த ஒத்த வார்த்தையில நிக்குது. முன்னாடி எல்லாம் லைசென்ஸ் முடிஞ்சாலும் 30 நாள் சலுகை இருந்துச்சு, 2019 திருத்தத்துல அத எடுத்துட்டாங்க, இந்த பையனுக்கோ நாலு மாசம். இப்ப ஓடிப்போய் புதுப்பிச்சாலும் புதுப்பிச்ச நாள்ல இருந்துதான் கணக்கு, மோதுன நாளுக்கு பின்னாடி போகாது.

அதனால பைக்காரருக்கு ஒண்ணும் கிடைக்காதுன்னு நினைக்காதீங்க. சுவரண் சிங் கேஸ்ல 2004ல சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லிருச்சு, லைசென்ஸ் கோளாறுன்னு காட்டி கம்பெனி அப்படியே கழண்டுக்க முடியாது, ஓனர் தெரிஞ்சோ அசட்டையாவோ அந்த ஆளுக்கு வண்டிய குடுத்தாருன்னு கம்பெனிதான் நிரூபிக்கணும். நிரூபிச்சாலும் கோர்ட் பொதுவா மொதல்ல அடிபட்டவருக்கு குடுக்க சொல்லிட்டு, அப்புறம் ஓனர்கிட்ட வசூல் பண்ணிக்கன்னு விட்டுரும். "பே அண்ட் ரெக்கவர்"னு வக்கீல்ங்க சொல்றது இதத்தான். உங்களுக்கு பயம் வர வேண்டியது இந்த எடத்துலதான், கால் முறிவுக்கு தர வேண்டிய தொகை உங்க தோட்டத்து மேல வந்து உக்காரும்.

உங்க பக்கம் நியாயம் இருக்கு. லைசென்ஸ் இருக்கற மச்சினனுக்குத்தான் சாவி குடுத்தீங்க (அவரு லைசென்ஸையாவது பாத்தீங்களா, வாட்ஸப்ல காப்பி கீப்பி இருக்கா, தேடுங்க), கூட்டாளி ஓட்டுவான்னு உங்களுக்கு தெரியாது. இத மச்சினன் கோர்ட்ல வந்து உண்மையா சொல்லணும். அதுக்குத்தான் சொல்றேன், ஓட்டுனது நான்னு ஒரு தடவ வாய விட்டுட்டீங்கன்னா உங்கள காப்பாத்துற ஒரே உண்மைய நீங்களே அழிச்சுட்டீங்கன்னு அர்த்தம்.

கம்பெனிக்கு இன்னும் எழுதலைன்னா இன்னிக்கே எழுதுங்க, லேட்டானது லேட்டாதான், காரணத்த உள்ளபடி போடுங்க. நம்ம பக்கத்து பிராஞ்சுல பழக்கத்துல ஜிடி என்ட்ரி (கேரளா ஸ்டேஷன் டைரி பதிவு) கேப்பாங்க, ஆனா நடந்தது தமிழ்நாட்டு எல்லைக்குள்ள, அந்த ஸ்டேஷன் எஃப்ஐஆர் காப்பிதான் வேணும். பைக்காரர போய் பாருங்க, பாக்காம இருந்தா மனுஷத்தனம் இல்ல, பழம் வாங்கிட்டு போங்க, ஆனா "எல்லா செலவும் நாங்க பாத்துக்கறோம்"னு பேப்பர்ல கையெழுத்து மட்டும் போடாதீங்க, கம்பெனிய கேக்காம பொறுப்பு ஒத்துக்கவோ வாக்கு குடுக்கவோ கூடாதுன்னு பாலிசி கண்டிஷன்லயே இருக்கு. அவரு நஷ்டஈடு கேஸ தமிழ்நாட்டு பக்கமே போடலாம், சம்மன் வந்தா வாங்காம திருப்பி அனுப்பாதீங்க, எக்ஸ்பார்ட்டி, அதாவது நீங்க வராமலே ஒருதலையா தீர்ப்பு, ஆயிருச்சுன்னா உங்க நியாயத்த கேக்க அங்க ஆளே இருக்காது.

உங்க கார் ரிப்பேர் காசு வர்றது கஷ்டம்தான், ஆசை காட்ட விரும்பல. கிளெய்ம தள்ளுனா காரணத்த எழுத்துல வாங்குங்க, கம்பெனி குறைதீர் பிரிவுக்கு ஒரு லெட்டர், அதுலயும் சரியாகலைன்னா கொச்சியில இன்சூரன்ஸ் புகார விசாரிக்கற ஆம்பட்ஸ்மேன் ஆபீஸ் இருக்கு, ஃபீஸ் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

கேள்வி: நண்பனுக்கு கார் குடுத்தா பெட்ரோல் காசு ஜிபேல அனுப்புவான். அது வாடகையா? வண்டி மோதி அவனுக்கே அடிபட்டா என் இன்சூரன்ஸ்ல கிடைக்குமா? (வண்ணாமடை வாசகர்)

பதில்: அவரு போட்ட பெட்ரோலுக்கு அவரே காசு குடுக்குறது வாடகை இல்ல. நாளுக்கு இவ்வளவுன்னு பேசி வாங்குனா அது வாடகை, சொந்த வண்டி பாலிசியில வாடகைக்கு ஓட்ட எடமே இல்ல, பர்மிட் கேஸும் தனியா வரும். ஜிபேல "ரெண்ட்"னு விளையாட்டுக்கு எழுதி அனுப்புறாங்க பாருங்க, அந்த ஒரு வரிய வச்சே கிளெய்ம இழுத்தடிப்பாங்க, எழுத வேண்டாம்னு சொல்லி வைங்க.

ரெண்டாவது கேட்டது யாருமே யோசிக்காத விஷயம். 15 லட்சம் பர்சனல் ஆக்சிடென்ட் கவர்னு கட்டாயமா எடுக்குறோமே, அது ஓனருக்கு மட்டும்தான், இரவல் வாங்கி ஓட்டுறவருக்கு இல்ல. இரவல் வாங்குனவரு அவரு தப்பாலயே அடிபட்டா தேர்ட் பார்ட்டின்னும் (பாலிசிக்கு வெளிய இருக்கற மூணாவது ஆளுன்னு) கேக்க முடியாது, ஓனரோட எடத்துல நிக்கறாருன்னு சுப்ரீம் கோர்ட் 2009லயும் 2020லயும் சொல்லிருக்கு. எங்க பங்காளி ஒருத்தரு என் கார எடுத்துட்டு போய் புளியமரத்துல மோதி தோள்பட்டை எலும்பு போச்சு, கார சரி பண்ண கிளெய்ம் வந்துச்சு, அவரு ஆஸ்பத்திரி பில்லுக்கு ஒத்த பைசா வரல, அவரு பொண்டாட்டி என் முகத்த பாத்து "அப்ப எதுக்கு இன்சூரன்ஸ்"னு கேட்டப்ப எனக்கு பதில் வரல. கிளெய்ம் பண்ணாம இருந்ததுக்கு பிரீமியத்துல கிடைச்ச என் 50 சதவீத நோ கிளெய்ம் போனஸ் தள்ளுபடியும் போச்சு, யாரு மோதுனாலும் போறது ஓனர் போனஸ்தான். அடிக்கடி வண்டி எடுக்குற ஆள் இருந்தா அவருக்கு தனியா ஒரு பர்சனல் ஆக்சிடென்ட் பாலிசி எடுத்துக்க சொல்லுங்க.

கேள்வி: பையனுக்கு 17 வயசு, தென்னந்தோப்பு வரைக்கும்தான் ஓட்டுறான், பரவால்லையா? (சித்தூர் வாசகி)

பதில்: பரவால்லைன்னு சொல்ல முடியாதும்மா. தோப்புக்கு போற ரோடும் ரோடுதான். 199ஏ பிரிவுல பெத்தவங்களுக்கு, இல்ல வண்டி ஓனருக்கு 25,000 ரூபா அபராதம், 3 வருஷம் வரைக்கும் ஜெயில், வண்டி ரிஜிஸ்ட்ரேஷன் 12 மாசம் ரத்து, பையனுக்கு 25 வயசு வரைக்கும் லைசென்ஸ் கிடையாது. மேல சொன்ன கேஸ்ல ஓனர் தெரியாதுன்னு சொல்லலாம், நீங்க அதையும் சொல்ல முடியாது. சாவிய இன்னிக்கே வாங்கி பீரோவுல வைங்க.